மருந்து விலையும் மயிலத்து நோயாளியும்

மயிலத்திலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஒரு கூலிக்காரர் நான்கு நாள் சிறிய தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்து எழுந்தால், டாக்டர் பீஸைவிட மருந்துச் சீட்டே பெரிதாயிருக்கின்றது. ஏன் என்று கேட்டாலோ, "நாங்கள் என்ன செய்வது? எங்களுக்கு அடக்க விலையே அதிகம்" என்கின்றார்கள். இதை முழுப் பொய் என்று சொல்ல நாம் வரவில்லை. பாதி மெய்தான். மற்றப் பாதியையும் சேர்த்தே பேச வந்திருக்கின்றோம்.

சிறிய ஆஸ்பத்திரி எப்படிச் சரக்கு வாங்குகின்றது? மொத்த வியாபாரியின் ஆள் வருகின்றார். கடன் தருகின்றார். பத்து அட்டை எடுத்தால் ஓர் அட்டை இனாம் என்கின்றார். கடன் பாக்கி நின்றுவிட்டாலோ, அடுத்த தடவை அவர் சொன்னதே விலை. சலைனுக்கு ஓர் ஆள், ஊசிக்கு ஓர் ஆள், கையுறைக்கும் பஞ்சுக்கும் வேறோர் ஆள். இருப்புக் கணக்கு ஒழுங்காய் இல்லாத இடத்தில், அலமாரியின் பின்வரிசையில் மருந்து காலாவதியாகிக் கிடக்கும். முன்வரிசையில் வேண்டிய மருந்து இராது. அதற்காக அவசரம் அவசரமாகத் திண்டிவனத்துக்கு ஆளனுப்பிச் சில்லறை விலைக்கு வாங்குவார்கள். இந்த நஷ்டமெல்லாம் யார் தலையில் விடிகின்றது என்று நாம் சொல்லவும் வேண்டுமோ?

இது தலைவிதியன்று, ஏற்பாட்டின் கோளாறேயாகும். இதற்குச் சாட்சி தேடி வெளிதேசம் போக வேண்டியதில்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றைச் சர்க்கார் ஏற்படுத்தி, 1995 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வழங்கி வருகின்றது. கம்பெனிப் பெயரைத் தள்ளி மருந்தின் சொந்தப் பெயராலேயே பட்டியல் போட்டு, மாகாணம் முழுமைக்கும் ஒரே டெண்டரில் விலை பேசி, ஜில்லாக் கிடங்குகளில் இறக்குகின்றார்கள். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. அதில் தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். எடுத்த சரக்கின் மதிப்பு கழிக்கப்படும். மீதி எவ்வளவு என்பது கண்ணெதிரே இருப்பதால், வேண்டாததை எடுத்து வீணாக்க மனம் வராது. 2011-ல் ராஜஸ்தான்கூட இந்த முறையைப் பார்த்துத்தான் தனக்கொரு கழகம் வைத்துக்கொண்டது. (நேரத்தில் கேட்டு வாங்காமல் "வெளியில் வாங்கிக்கொள்" என்று சீட்டெழுதுகிற அரசு நிலையம் ஏதேனும் இருக்குமானால், அது புத்தகத்தின் குற்றமல்ல.)

"மலிவு மருந்து கேட்குமா?" என்று சில படித்தவர்களே கேட்கின்றார்கள். கழகத்துக் கிடங்கில் வந்திறங்கும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகின்றார்கள். தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகின்றது. தாங்கள் அதிக விலை கொடுத்து வாங்கும் சரக்கைச் சின்ன ஆஸ்பத்திரிக்காரர்கள் எப்பொழுதாவது இப்படிச் சோதித்ததுண்டா? பெயரைப் பார்த்தே யோக்கியதையை நிர்ணயிக்கின்ற புத்தி நம் நாட்டில் மனிதர் விஷயத்திலேயே போகவில்லை. மாத்திரை விஷயத்தில் போய்விடுமா?

சர்க்காரால்தான் முடியும் என்பதும் சரியல்ல. சிறிய தர்ம ஆஸ்பத்திரிகளுக்குக் குறைந்த விலையில் நல்ல மருந்து கிடைக்க வேண்டுமென்றே பரோடாவில் 1983-ல் லோகாஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. இலங்கையில் 1971-ல் பேராசிரியர் சேனக பிபிலே முதல் தலைவராயிருந்து நடத்திய அரசு மருந்துக் கூட்டுத்தாபனம், நீண்டு கிடந்த மருந்துப் பட்டியலைச் சுருக்கி மொத்தமாய் இறக்குமதி செய்தது. அன்றும் கம்பெனிகள் கூச்சலிடத்தான் செய்தன.

மயிலம், திண்டிவனம், விக்கிரவாண்டிப் பக்கத்துச் சிறு ஆஸ்பத்திரிகள் பத்து ஒன்றுசேர்ந்து, எல்லோருக்கும் வேண்டிய மருந்துக்கு ஒரு பட்டியல் எழுதி, ஒன்றாக விலை கேட்டு, ஒரே கிடங்கில் இறக்கி, தவணை தவறாமல் பணம் கட்டினால் வியாபாரி இறங்கி வராமல் எங்கே போவார்? பங்குனி உத்திரத்திற்கு அன்னதானம் செய்கிறவர்கள் படி அரிசியாகவா வாங்குகின்றார்கள்? கூட்டாகப் பணம் போட்டு மூட்டையாகத்தானே வாங்குகின்றார்கள்? சாமி காரியத்துக்கு வருகின்ற இந்தக் கணக்கு, சாகக் கிடக்கின்றவன் காரியத்துக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

இனி, மற்றப் பாதிக்கு வருவோம். அடக்க விலை குறைந்தாலும் அட்டையில் அச்சிட்ட விலையையே நோயாளியிடம் வாங்குவதென்றால், இந்த ஏற்பாட்டினால் ஜனங்களுக்கு வந்த லாபம் என்ன? அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலையே தவிர, அதற்குக் குறைத்து விற்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடகையும் சம்பளமும் கொடுக்க ஆஸ்பத்திரிக்கு வருமானம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. அதை டாக்டர் பீஸ் என்றும் படுக்கைக் கட்டணம் என்றும் பகிரங்கமாகக் கேட்கட்டும்; மாத்திரைக்குள் ஒளித்து வைத்து வாங்க வேண்டாம்.

"அடக்க விலையே அதிகம்" என்பவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். அதிகமாகச் செலவாகின்ற இருபது மருந்துக்கு, வாங்கிய விலை இன்னது, விற்கும் விலை இன்னது என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டச் சம்மதமா? மாட்டுகிறவர்களின் பெயரை இப்பத்திரிகையில் இனாமாகவே வெளியிடச் சித்தமாயிருக்கின்றோம்.