நன்றிக்கு ஒரு கணக்குக் கொப்பி

எங்கள் வீட்டில் "நன்றி" என்ற சொல் அதிகம் கேட்பது ஏச்சு விழும் நேரத்தில்தான். "நன்றி கெட்டதுகள்." சாப்பாட்டை மிச்சம் வைத்தால் அது. தமிழ்ப் பள்ளிக்குப் போகப் பஞ்சிப்பட்டால் அது. கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருந்தாலும் அது. உங்கள் வீட்டிலும் இதே வசனம் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். நாடு மட்டும் மாறும்: கனடா, நோர்வே, சுவிஸ். எங்களுடையது ஜேர்மனி.

அந்த வசனத்துக்குப் பின்னால் ஒரு கதை வரும். எத்தனை நாடு தாண்டி வந்தோம், எத்தனை பேர் ஒரே அறையில் படுத்தோம், விடியற்காலை நாலு மணிக்கு அலுவலகங்களைக் கூட்டித் துடைத்துவிட்டு, பின்னேரம் உணவகக் குசினியில் கோப்பை கழுவியது. கடைசியில், "எல்லாம் உங்களுக்காகத்தான்."

இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதுதான் பிரச்சினை. பொய் என்றால் எதிர்த்துக் கதைக்கலாம். உண்மையை என்ன செய்வது?

சில வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகத்தில் ஒரு முக்கியமான சோதனையில் மூன்றாவது தடவையும் தவறினேன். இங்கே மூன்று தடவை தவறினால் பல இடங்களில் அந்தப் படிப்பு அதோடு முடிந்தது. எட்டு மாதம் நான் வீட்டில் சொல்லவில்லை. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவேன், நூலகத்தில் இருப்பேன், பின்னேரம் வருவேன். அடி விழும், ஏச்சு விழும் என்ற பயம் இல்லை. அம்மாவின் கைகளைப் பார்க்கவே முடியவில்லை. துப்புரவு மருந்தில் வெடித்துப்போன கைகள். அவர் போட்ட முதலை நான் தொலைத்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அந்த எட்டு மாதமும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன். எல்லோரோடும் எழுந்து நின்று இறைவனுக்கு நன்றி சொன்னேன். ஒரு நாள்கூட மனம் இளகவில்லை. நன்றி சொன்னால் மகிழ்ச்சி வரும் என்று மறைக்கல்வியில் படித்திருந்தேன். எனக்கு வந்தது களைப்பு.

இப்போது திரும்பிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். எங்களில் பலருக்கு நன்றி என்ற பெயரில் பழக்கப்பட்டது கடன். அந்தக் கணக்குக் கொப்பியை அப்படியே கோயிலுக்கும் கொண்டுபோய்விட்டோம். கடவுள் எங்களுக்கு இன்னும் பெரிய கடன்காரர், அவ்வளவுதான். வட்டி கட்டுகிறவன் எப்படிச் சந்தோசமாய் இருப்பான்?

தமிழிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. திருக்குறளின் 11ஆவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றியறிதல். அதில் "நன்றி" என்பது நாங்கள் திருப்பிச் சொல்லும் வார்த்தை இல்லை. எங்களுக்குச் செய்யப்பட்ட நன்மை. எங்கள் பங்கு அந்த "அறிதல்" மட்டும். ஒரு நன்மை நடந்திருக்கிறது என்று அறிவது. இன்று கடையில் மீதிக்காசு வாங்கும்போது சொல்லும் "நன்றி"க்கு இந்தப் பழைய பொருள் இல்லை.

புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இது இன்னும் தெளிவு. கிருபைக்கு "காரிஸ்". மகிழ்ச்சிக்கு "காரா". நன்றி செலுத்துவதற்கு "யூகாரிஸ்தியா". மூன்றும் ஒரே வேரில் முளைத்த சொற்கள். இலவசமாகக் கிடைத்தது, அதை அறிவது, அதில் பிறக்கும் மகிழ்ச்சி: ஒரே குடும்பம். இங்கே பள்ளிக்கூடத்துச் சமய வகுப்பில் "ஒய்காரிஸ்டி" என்று சொல்லித் தந்தார்கள். வீட்டில் அதையே "நற்கருணை" என்றோம். இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். ஆனால் அந்த டொச் சொல்லுக்குள் இருப்பது நன்றி என்றும், தமிழ்ச் சொல்லுக்குள் இருப்பது கருணை என்றும் எனக்கு உறைக்க இருபது வருடம் எடுத்தது. ஒரே அப்பத்தை ஒரு மொழி கொடுப்பவரின் பக்கத்திலிருந்தும், மற்ற மொழி வாங்குபவரின் பக்கத்திலிருந்தும் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. இரண்டு மொழியும் தெரிந்த எங்களுக்குத்தான் இந்த வசதி. அதற்கும் ஒரு நன்றி சொல்லலாம்!

லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துத் தொழுநோயாளர் குணமாகிறார்கள். ஒருவன் மட்டும் திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுகிறான். அவன் சமாரியன், அந்த ஊர்க்காரருக்கு அந்நியன். இதை வைத்து "நன்றி கெட்ட ஒன்பது பேர்" என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம். ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வரவில்லை. கவனித்திருக்கிறீர்களா? மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார். அந்தக் கேள்வியில் வலி இருக்கிறது. ஆனாலும் கொடுத்ததை அவர் திரும்ப எடுக்கவில்லை. கடனாகக் கொடுத்திருந்தால் எடுத்திருப்பார். ஒன்பது பேருக்கும் தோல் சுகமானது. பத்தாமவனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது, தந்தவரின் முகத்தைப் பார்க்கும் சந்தர்ப்பம்.

அடுத்தது, ஒப்பிட்டுப் பார்த்து வரும் நன்றி. "அங்கே பிள்ளைகள் சாப்பாடில்லாமல் கிடக்குதுகள், உனக்கு எல்லாம் இருக்கு, ஆண்டவருக்கு நன்றி சொல்லு." நானும் பல வருடம் இப்படித்தான் செபித்தேன். வன்னியில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கையை நினைப்பேன், எனக்குச் சூடான அறை இருக்கிறது என்று நன்றி சொல்வேன். பிறகு ஒரு நாள் லூக்கா 18ஆம் அதிகாரத்தை வாசித்தேன். ஆலயத்தில் ஒரு பரிசேயர் தான் மற்றவர்களைப் போல இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பெயரளவில் அது நன்றிச் செபம்தான்! அதை இயேசு ஏற்கவில்லை. எனக்கு முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. தங்கையின் குறையை எடுத்து என் நிறைவுக்குத் தட்டாக வைத்திருக்கிறேன். அவளுக்காக அழவேண்டிய இடத்தில் எனக்காக ஆறுதல்பட்டிருக்கிறேன். அது நன்றி என்றால் எனக்கு வேண்டாம்.

மூன்றாவது விசயத்தை எழுதக் கொஞ்சம் தயக்கம். ஆனாலும் எழுதுகிறேன். என் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லாமல் போனவர். ஒருமுறை ஒரு செபக்கூட்டத்தில் ஒருவர் அம்மாவிடம், "அதுக்கும் சேர்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கோ அக்கா, அப்பத்தான் சமாதானம் வரும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பஸ்ஸில் வீடு வரும்வரை கதைக்கவில்லை.

அப்படிச் சொல்ல வேதாகமம் யாரையும் வற்புறுத்தவில்லை என்றே நான் நம்புகிறேன். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதும்போது எல்லாவற்றிலும் நன்றி செலுத்தச் சொல்கிறார். எல்லாச் சூழலின் உள்ளேயும் நின்று என்றுதான் நான் அதை விளங்கிக்கொள்கிறேன். (எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் எல்லாவற்றுக்காகவும் என்று இருக்கிறதே என்று என்னோடு சண்டைக்கு வருவீர்கள். தெரியும். ஆனால் காணாமல் போன தம்பியின் அக்காவுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல என்னால் முடியாது.) இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் நன்றி செலுத்தினார். எதைக் கையில் எடுத்து? அப்பத்தை. யூதாசின் துரோகத்துக்காக அவர் நன்றி சொன்னதாக எந்த நற்செய்தியிலும் இல்லை. அடுத்த நாள் சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் திருப்பாடலின் கைவிடப்பட்டவன் குரல். திருப்பாடல்களில் 88ஆவது ஒரு நன்றி வார்த்தைகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதையும் யாரோ செபமென்று சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் அந்த முடிவை எடுத்தாரோ, அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்... பாருங்கள், மறுபடியும் கடன் மொழி வந்துவிட்டது.

மகிழ்ச்சிக்கு உதாரணம் சொல்லும்போது எல்லோரும் எடுப்பது பிலிப்பியர் கடிதத்தை. சிறையில் இருந்து எழுதியது, திரும்பத் திரும்ப மகிழ்ச்சி பேசுவது. அது ஒரு வகையில் நன்றிக் கடிதமும்தான்; பிலிப்பி சபையார் எப்பப்பிராதீத்து என்பவரிடம் பவுலுக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதே கடிதத்தில், அந்த எப்பப்பிராதீத்து நோயில் செத்திருந்தால் தனக்குத் துயரத்துக்கு மேல் துயரமாயிருக்கும் என்று பவுல் ஒளிக்காமல் எழுதுகிறார். அழுதுகொண்டு சொல்கிறேன் என்றும் ஓரிடத்தில் வருகிறது. மகிழ்ச்சியும் கண்ணீரும் ஒரே கடிதத்தில் இருக்கலாம்.

ஜேர்மனியில் வளர்ந்தவர்களுக்கு "நூன் டாங்கெட் அல்லெ கொட்" என்ற பாட்டு தெரியும். அறுவடை நன்றித் திருநாளில் பாடுவார்கள். எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட், சாக்சனியில் ஐலன்பூர்க் என்ற ஊரின் லூதரன் போதகர். முப்பது வருடப் போரில் சுற்றுவட்டாரத்து அகதிகள் எல்லாம் அந்த மதில் சூழ்ந்த ஊருக்குள் வந்து அடைந்தார்கள். 1637இல் கொள்ளைநோய். அந்த ஒரு வருடத்தில் அவர் ஆயிரக்கணக்கானோரை அடக்கம் செய்தார். அவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். பாட்டு அந்தச் சாவுகளைப் பற்றியது இல்லை. அது சாப்பாட்டு மேசைச் செபமாக எழுதப்பட்டது. தாயின் வயிற்றில் இருந்த நாள் தொடக்கம் கிடைத்த நன்மைக்கு நன்றி. இரண்டாவது பகுதிக்கு வந்தால் மகிழ்ச்சியான இருதயத்தைத் தரும்படி வேண்டுகிறார். தன்னிடம் அது இருக்கிறது என்று காட்டிக்கொள்ளவில்லை. நன்றி அவர் கொடுப்பது, மகிழ்ச்சி அவர் கேட்பது. இரண்டுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டும்போல.

நான் காத்திருந்த எட்டு மாதம் ஒரு ஜூனில் முடிந்தது. வீட்டில் சொன்னேன். அப்பா தொலைக்காட்சியை நிற்பாட்டினார், பிறகு திரும்பப் போட்டார். இரண்டு மாதம் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. ஆகஸ்டில் வழமைபோல கேவலார் யாத்திரை வந்தது.

தெரியாதவர்களுக்கு: கேவலார் நெதர்லாந்து எல்லைக்குக் கிட்ட இருக்கும் சின்ன ஊர். 1642 தொடக்கம் அங்கே மாதாவின் ஒரு சிறிய அச்சுப்படத்தை வைத்து வணங்குகிறார்கள். துன்பப்படுவோரின் ஆறுதல் என்பது அந்த மாதாவின் பெயர். ஒவ்வொரு ஆகஸ்டும் ஐரோப்பாத் தமிழர் ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். மடுவுக்குப் போக முடியாத எங்கள் சனத்துக்கு அதுதான் மடு. சைவக்காரரும் வருவார்கள், பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, புட்டுப் பார்சல் எல்லாம் இருக்கும். பலரும் நேர்த்திக்கடன் வைத்துத்தான் வருவது. விசா, பிள்ளை, சோதனை, கலியாணம்.

அம்மா மெழுகுதிரி கொளுத்தும் இடத்தில் நின்றார். கையில் நாலு மெழுகுதிரி. எனக்குத்தான் நேர்த்தி என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"இந்த முறை என்ன நேர்த்தியம்மா?"

"மூண்டு வீட்டுக்கு. இது நேர்த்தியில்லை. இது அந்தக் கோட்டுக்காரிக்கு."

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் சொன்னார். வந்த முதல் ஜனவரி, அகதிகள் முகாமுக்கு முன்னால் பஸ் தரிப்பில் மெல்லிய சுவெட்டரோடு நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு வயதுபோன டொச் மனுசி பார்த்துவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் ஒரு கம்பளிக் கோட்டோடு திரும்பி வந்தாராம். பொக்கற்றுக்குள் கையுறையும் இருந்ததாம். பாசை தெரியாததால் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு அந்த மனுசியைக் காணவே இல்லை.

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. என்னெண்டு திருப்பிக் குடுக்கிறது? அதான் வருசா வருசம் ஒண்டு கொளுத்துறனான். கொளுத்தினா எனக்கு ஒரு சந்தோசம்."

சொல்லும்போது அம்மாவின் முகம் வேறாக இருந்தது. காணாமல் போன தம்பியின் அக்காவும் அதே முகத்தில்தான் இருந்தார். இத்தனை வருடம் அவர் கொளுத்தியதெல்லாம் எங்கள் சோதனைகளுக்கு என்று நினைத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கவே முடியாத ஒன்றை இவர் இவ்வளவு லேசாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். எனக்கும் அன்று ஏதோ இறங்கியது. சோதனை தவறியது தவறியதுதான். இருந்தாலும் அந்த வருடத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போனது.

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அப்ப எங்களிட்ட மட்டும் ஏனம்மா கணக்குப் பாக்கிறனீங்கள்?"

அம்மா திரியைக் காற்றுக்கு மறைத்துப் பிடித்தார். கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"அது கோவத்தில சொல்லுறது பிள்ளை. பயத்தில சொல்லுறது." பிறகு அந்த நாலாவது மெழுகுதிரியை என் கையில் தந்தார். "இந்தா, நீ கொளுத்து. கெதியா. பஸ் வெளிக்கிடப் போகுது."