கிணற்றுக்குக் கணக்கு எங்கே?

இராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. குரோமிய உப்புகள் செய்து விற்றது. 1990-களின் நடுவில் கதவைச் சாத்திற்று. கம்பெனி போயிற்றேயொழிய அதன் குப்பை போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. கால் நூற்றாண்டு மழை அதன்மேல் பெய்து, விஷத்தைக் கரைத்துக்கொண்டு பூமிக்குள் இறங்கிற்று. 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட், உலகத்தில் மிகவும் கெட்டுப்போன பத்து இடங்களின் ஜாபிதாவில் இராணிப்பேட்டையையும் சேர்த்தது. நமக்கு உலகப் பிரசித்தி கிடைத்த யோக்கியதை இது!

"திருவண்ணாமலைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். 1989 வரையில் இரண்டும் ஒரே வட ஆற்காடு ஜில்லா என்பது ஒருபுறமிருக்க, தண்ணீர் விஷயத்தில் ஏமாறுவதற்கு நம் ஊரைவிடப் பேர்போன ஊர் எது? பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். வழியில் குளத்துத் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு தீர்த்தம் என்கிறார்கள். அதில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்டால், கேட்டவன் நாஸ்திகன்!

இந்தப் புத்தியேதான் இராணிப்பேட்டைக் கிணற்றிலும் வேலை செய்கிறது. பூசாரி தீர்த்தம் கொடுத்து "நம்பு" என்கிறான். உத்தியோகஸ்தரோ "கண்காணித்து வருகிறோம்" என்கிறார். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பேருக்கும் கோபம் வருகிறது.

தோழர்களே! குரோமியத்தில் இரண்டு வகை முக்கியமானவை. மூன்று இணைதிறன் உள்ளது பெரும்பாலும் மண்ணில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆறு இணைதிறன் உள்ளது தண்ணீரில் கரைந்து ஓடும். அதுவே கொடிய விஷம். குடிதண்ணீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப்போல் பல மடங்கு இருந்தாலும் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே தோன்றும். மஞ்சளாகத் தெரியும்போது காரியம் கெட்டு நெடுநாளாயிற்று என்று அர்த்தம். காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் செறியும். பாட்டன் குடித்த கிணறு என்பதும் இதற்கு ஒரு சாட்சியாகாது. அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியே கிடையாது.

அளப்பதிலும் பித்தலாட்டத்துக்கு இடமுண்டு. குவியலுக்கு மேட்டுப்புறக் கிணற்றில் மட்டும் எடுத்துவிட்டு "நல்ல தண்ணீர்" என்று எழுதலாம். மேட்டிலும் பள்ளத்திலும், வெவ்வேறு ஆழத்திலும், கோடையிலும் மழைக்குப் பின்னும், அதே கிணறுகளில் வருஷக்கணக்காய் எடுக்கவேண்டும். குழாயில் தேங்கியதை இறைத்துவிட்டு, புதிதாய் ஊறுவதைப் பிடித்து, குளிரில் வைத்துத் தாமதியாமல் சோதிக்கவேண்டும். ஒரு தடவை குறைந்ததென்று மேளம் கொட்டுவதும் ஏமாற்றுத்தான். இறைத்துச் சுத்தம் செய்வதை நிறுத்தினால், மண்ணில் ஒட்டியிருந்த விஷம் கரைந்து மறுபடியும் ஏறுவதுண்டு.

கலிபோர்னியாவில் ஹிங்க்லி என்ற சிற்றூர். அங்கு ஒரு காஸ் கம்பெனி 1952 முதல் 1966 வரை குரோமியத் தண்ணீரைக் குட்டையில் விட்டது. ஊரார் வழக்காடினார்கள். 1996-ல் 33 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. அத்துடன் தீரவில்லை, நூற்றுக்கணக்கான சோதனைக் கிணறுகள் தோண்டி, இந்த நூற்றாண்டிலும் அளந்துகொண்டே சுத்தம் செய்யவேண்டியதாயிற்று.

அதே 1996-ல் நம் வேலூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், கெடுத்தவனே நஷ்டஈடும் சீர்செய்யும் செலவும் கொடுக்கவேண்டுமென்று டில்லி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. தீர்ப்பு அருமையானதுதான். ஆனால் சாத்தின கதவிடம் எப்படி வசூல் செய்வது? கம்பெனி நடக்கும்போதே சுத்தம் செய்யும் பணத்தை முன்கூட்டி ஏன் கட்டி வாங்கவில்லை?

ஆகவே நாம் கேட்பது கோடி ரூபாய்த் திட்டத்தின் விளம்பரமல்ல. சுற்றுக் கிராமங்களின் பஞ்சாயத்துச் சுவர்களில் ஒவ்வொரு கிணற்றின் கணக்கையும், தேதியோடும் சோதித்த இடத்தின் பெயரோடும் பெரிய எழுத்தில் எழுதட்டும். வேறொரு சோதனைச்சாலையில் கொடுத்துச் சரிபார்க்கப் பொதுஜனங்களுக்கு உரிமை இருக்கட்டும். வரம்பு மீறிய கிணற்றுக்காரருக்கு அன்றைய தினமே வேறு குடிதண்ணீர் வரட்டும்.

நிற்க, நம் ஜில்லாவிலேயே செய்யாறு சிப்காட்டை மேல்மா முதலிய கிராமங்களுக்கு விஸ்தரிக்கச் சர்க்கார் முயன்றபோது, எதிர்த்த விவசாயிகளில் ஏழு பேரை 2023-ல் குண்டர் சட்டத்தில் அடைத்தார்கள். நிலத்தைக் கேட்டு வருகிறவர்கள், முதல் செங்கல் வைக்குமுன் அந்தக் கிராமங்களின் கிணறுகளை அளந்து கணக்கை ஊரார் கையில் கொடுப்பார்களா? கொடுக்காவிட்டால், நாளைக்குத் தண்ணீர் கெட்டதென்று வழக்குப் போடும்போது, "முன்பும் இப்படித்தான் இருந்தது" என்று சொல்லத் தயாராயிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?