சாரலும் பாதமும்

ஆனி பிறந்து கடையத்தில் சாரல் விழுந்துவிட்டால், வீட்டில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. 'குற்றாலம் போவோமா?' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்படித்தான் ஒரு தடவை மதினியும் நானும் ஐந்தருவிக்குப் போனோம். மதினிக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தரையில் ரத்தம் பார்த்தோம். உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு!

"வலிக்கவே இல்லையே!" என்றார்கள். அதுதான் ஆபத்து, சகோதரிகளே! சர்க்கரை நாள்பட்டால் பாதத்து நரம்பு மரத்துப் போகும். தண்ணீரில் ஊறிய தோலோ சுலபமாகக் கிழியும். மதினிக்குப் புண் ஆற இரண்டு மாசம் ஆயிற்று.

பாறையில் பாசி வழுக்கும். பின்வார் வைத்த ரப்பர் செருப்பு நல்லது. குளித்ததும் விரலிடுக்கை ஒற்றித் துடையுங்கள், இல்லாவிட்டால் சேற்றுப்புண்தான். குனிய முடியாதவர்கள் கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். காயம் இருந்தால் மஞ்சளை அப்பாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்; டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

மதினி இந்தச் சாரலுக்கும் தயார். புதுச் செருப்பு, பின்வார் வைத்தது, வாசலில் காத்திருக்கிறது!