சோகைப் புகையும் மறதியும்

பேங்க் வேலையில் கணக்கு எண்களை மனப்பாடமாகச் சொன்னவன் நான். போன மாசம் பக்கத்துத் தோட்டத்தில் கரும்பு வெட்டி, சோகைக்குத் தீ வைத்தார்கள். இரண்டு நாள் புகை. மூணாம் நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்தே போனேன், வரப்பு உடைந்தது. வயசாகக்கூட இருக்கலாம், புகைமேல் பழி போடலை.

ஆனால் ஒரு ஆய்வு உறுத்துகிறது. தெற்குக் கலிபோர்னியாவில் 60 வயதைத் தொட்ட 12 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை 2008 முதல் 2019 வரை பார்த்திருக்கிறார்கள். காட்டுத்தீப் புகையின் நுண்துகள், மூன்றாண்டுச் சராசரியில் கனமீட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடினாலே மறதிநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடியிருந்தது. மற்ற புகைத் துகளுக்கு அவ்வளவு இல்லை.

காட்டுத்தீ வேறு, சோகைத்தீ வேறு என்பீர்கள். சரிதான். ஆனா எரியறது ரெண்டிலும் தழைதானே? காட்டுத்தீ சொல்லிக்கொண்டு வராது. இதை நாமே நாள் பார்த்து வைக்கிறோம்.

எலி அண்டும், மறுதாம்பு முளைக்காது, ஆள் கிடைக்கலை என்கிறார் பக்கத்துக்காரர். கடைசிக் குறை நியாயம். மற்றதை ஏற்கமாட்டேன், ஒரு சால் விட்டு ஒரு சாலில் சோகையை மூடாக்காகப் போட்டிருக்கேன், மறுதாம்பு நல்லாவே வருது. அடுத்த வெட்டுக்குச் சோகை பரப்பும் கூலியில் பாதி நான் தர்றேன்னேன். யோசிக்கிறேன் என்றார்.