உருக்கும் முன் படியுங்கள்

திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டின் காலத்தை மன்னன் பெயரையும் ஆட்சியாண்டையும் வைத்துக் கணிக்கிறோம். காவல் துறைகள் கைவிட்டுவரும் .303 போல்ட் துப்பாக்கியும் அப்படிப் படிக்கத்தக்க ஆவணம்தான். எனவே உருக்கும் முன் ஒவ்வொன்றையும் பதிவு செய்ய வேண்டும். வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்தவற்றில், அடிக்கட்டை சேரும் இடத்து இரும்பின் வலப்பக்கம் கிரீடம், ‘ஜி.ஆர்.ஐ.’ என்ற ஜார்ஜ் மன்னர் முத்திரை, ஆலையின் பெயர், ஆண்டு ஆகியவை இருக்கும். விடுதலைக்குப் பின் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. ஆனால் அந்த ஆண்டை மட்டும் நம்பக் கூடாது. பழுதுபார்க்கும்போது குழலும் மரக்கட்டையும் மாறியிருக்கலாம். போல்ட்டின் எண்ணும் உடற்பகுதியின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முதல் சோதனை. வகையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: 1960களில் வந்த 7.62 மி.மீ. ‘2ஏ1’ துப்பாக்கி பார்வைக்கு .303 போலவே இருக்கும். அதன் தோட்டாப் பெட்டியோ சதுரமானது.

ஆயுதத்தைச் சேகரிப்பது ஆபத்து என்பார்கள். நியாயமான அச்சம்தான்; .303 பொதுமக்கள் வைத்திருக்கத் தடைசெய்யப்பட்ட வகை. அதனால்தான் இந்த வேலையைத் தனியார் சேகரிப்பாளரிடம் விடாமல் அரசே செய்ய வேண்டும். படமும் எண் பதிவேடும் யாரையும் சுடாது. குழலை அடைத்துச் செயலிழக்கச் செய்த சிலவற்றை, 2021-இல் எழும்பூரில் திறக்கப்பட்ட காவல் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் வைக்கலாம். மற்றவை உலைக்குப் போகட்டும், பதிவான பிறகு.