மூக்கிற்கும் வேலை வேண்டும்

மட்டக்களப்பு வாவியோரத்தில் வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்கிவிட்டால், மனிதரைப் போலவே வளர்ப்பு நாயும் வீட்டினுள் அடைபட்டுவிடுகிறது. கோடையெல்லாம் கரைமணலை முகர்ந்து திரிந்த பிராணிக்கு ஒரு தூணும் ஒரு சங்கிலியுமே மிச்சம். அது செருப்பைக் கடிக்கும், ஓயாது குரைக்கும். குணங்கெட்ட நாய் என்று வீட்டார் அடிப்பர். அதன் மூக்கு வேலையின்றித் தவிப்பதை எவரும் எண்ணுவதில்லை.

மனிதனுக்கு மணமறியும் கலங்கள் ஏறத்தாழ 60 இலட்சம். நாய்க்கோ, இனத்திற்கேற்ப, 30 கோடி வரை உண்டென்பர். டுராந்தோன், ஹோரோவிட்ஸ் என்னும் இரு பெண் அறிஞர் 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வாரம் மோப்ப விளையாட்டில் பழகிய நாய்கள், உணவு உண்டோ இல்லையோ என்று ஐயத்திற்குரிய பாத்திரத்தை முன்னிலும் விரைவாக, நம்பிக்கையோடு அணுகின.

இவ்விளையாட்டிற்குச் செலவில்லை. மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின்கீழ் உப்பின்றி அவித்து முள் நீக்கிய மீன்துண்டை வையுங்கள். கருவாட்டில் உப்பு மிகுதி. வெங்காயம் சேர்ந்த கறியோ நாய்க்கு நஞ்சு. முதல் நாள் நாயின் கண்முன்னே வையுங்கள். பழகியபின் மறைவாக வையுங்கள். பின்னர் அறைக்கு அறை ஒளியுங்கள். சிரட்டையைக் கடித்தால் பழந்துணியால் மூடிவையுங்கள். தவறினால் அதட்டலாகாது. பத்து நிமிடம் போதும். கண்டெடுத்த மகிழ்ச்சியோடு நிறுத்திவிடுங்கள். உண்ணும் வேளையில் குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

மழை விட்டதும் வாவிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அது நின்று முகர்ந்தால், அன்பர்களே, சங்கிலியை இழுக்காமல் சற்றுப் பொறுத்திருங்கள்.