சித்திரை முடிந்த பிறகும் உடல் இருக்கிறது

எங்கள் திருநாவலூரும் கூவாகமும் ஒரே உளுந்தூர்பேட்டை வட்டம்தான். சித்திரைத் திருவிழா என்றால் கேமராக்கள் வரும், எச்.ஐ.வி. பரிசோதனை முகாம்கள் வரும். தாலி அறுத்து, வெள்ளைப் புடவை கட்டித் திருநங்கைகள் கிளம்பியதும் எல்லாமே மூட்டை கட்டப்படும். மீதிப் பதினொரு மாதம் அவர்களுடைய உடலை யார் பார்ப்பது?

போன ஆண்டு காய்ச்சலில் துவண்டு கிடந்த திருநங்கைத் தோழி ஒருவரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். முதல் கேள்வி, "ஆபரேஷன் ஆயிடுச்சா?" இரண்டாவது, "எந்த வார்டுல போடுறது?" எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பது மூன்றாவதாகத்தான் வந்தது.

திருநர் என்றால் ஒரே உடல், ஒரே ஆபரேஷன் என்ற நினைப்பு இது. ஆளைப் பார்க்காமல் கூட்டத்துக்கே ஒரு முத்திரை குத்தும் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று சாதிச் சமூகத்தில் வாழும் நமக்குத் தெரியாதா?

மருத்துவம் அப்படிச் சொல்லவில்லை. இருபது வயதுத் திருநங்கைக்குத் தரும் ஈஸ்ட்ரோஜனை, சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் உள்ள நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அப்படியே தர முடியாது. ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்குச் சிவப்பணுக்கள் கூடலாம். அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேண்டும். சிலருக்கு ஹார்மோன் போதும், சிலருக்கு அறுவைச் சிகிச்சை வேண்டும், சிலருக்கு இரண்டுமே வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொள்ள மருத்துவர் இல்லாதவர்கள் மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரை வாங்கிக் கணக்கில்லாமல் விழுங்குகிறார்கள்.

காகிதத்தில் குறையில்லை. தமிழ்நாடு 2008-லேயே நல வாரியம் அமைத்தது. 2014-ல் நால்சா தீர்ப்பு வந்தது. 2019-ல் வந்த திருநர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஹார்மோன் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, ஆலோசனை ஆகியவற்றை அரசின் கடமையாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல் திருநர் அடையாளத்தை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டது.

ஆனால் உரிமை சென்னையில் இருக்கிறது, உடல் இங்கே இருக்கிறது. காசுள்ளவர் தனியார் நிபுணரிடம் போவார். சேரியில் கூலி வேலை பார்க்கும் திருநம்பியோ, கல்வராயன் மலையிலிருந்து இறங்கிவரும் பழங்குடித் திருநங்கையோ ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் சென்னைக்குப் பஸ் ஏற முடியுமா? அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை திருநருக்குள்ளும் வேலை செய்கிறது.

"முதலில் எல்லோருக்கும் அடிப்படை மருத்துவம் கிடைக்கட்டும், அப்புறம் இது" என்கிறார்கள் சில தோழர்கள். இதுவும் அடிப்படை மருத்துவம்தான். அதே பொதுமருத்துவர், அதே ரத்தப் பரிசோதனைக் கூடம்; கூடுதலாக வேண்டியது பயிற்சியும் மரியாதையும்தான்.

2022-ல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வாரம் ஒருநாளாவது அங்கே திருநர் புறநோயாளர் பிரிவு தவறாமல் இயங்க வேண்டும். மனநல மருத்துவர் துணையாக இருக்கட்டும், வாயிற்காவலராக வேண்டாம். தாலுகா மருத்துவமனைகளில் ஹார்மோன் மாத்திரையும் பரிசோதனையும் கிடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று ஒருவர் கேட்க வேண்டும்.

அரவானுக்குக் கிடைத்தது ஒரு நாள் கல்யாணம். திருநருக்கு ஒரு நாள் மருத்துவம் போதாது.